திருவொற்றியூர் ஃபைலில் ஒட்டிய தாள்

என் தங்கை மகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது மடியில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கோ எதையோ அனுப்பிக்கொண்டிருந்தான். என்னடா அது என்றேன்.

"என்னோட சாவிய ஒரு ஃபைல்ல போட்டு அனுப்புறேன் பெரிம்மா."

சாவியை யாராவது அனுப்புவார்களா என்று பதறிவிட்டேன். அவன் சிரித்தான். இதில் இரண்டு சாவி உண்டாம். ஒன்று ரகசியச் சாவி. அது அவனை விட்டு எங்கும் போகாது. மற்றது பொதுச் சாவி. அதை ஊரே பார்க்கலாம். வந்த கடிதம் அவன் அனுப்பியதுதானா என்று சரிபார்க்க மட்டும்தான் அது உதவுமாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் போல் நடிக்க யாராலும் முடியாதாம்.

"தெரு முனையில ஒட்டி வெச்சாக்கூட ஒண்ணும் ஆவாது பெரிம்மா" என்றான்.

"ஒட்டு, வேணாங்கல. ஆனா அங்க போய்ச் சேர்றது உன்னோடதுதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நடுவுல ஒருத்தன் எடுத்துட்டு வேற ஒண்ண வெச்சிட்டா?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். இதைப் பற்றித்தான் அவன் ஆபீஸில் இரண்டு நாளாகச் சண்டையாம். பெரியம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டான். காபி ஆறுகிறது, குடி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பட்டவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ராயபுரத்தில் ஒரு கிடங்குக் கம்பெனியில் குமாஸ்தா. துறைமுகத்தில் இறங்குகிற சரக்கை, அதன் சொந்தக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்ளும் வரை பத்திரமாக வைத்திருப்பதுதான் கம்பெனியின் தொழில். ஆபீஸ் ராயபுரத்தில். குடோன் இரண்டு. ஒன்று திருவொற்றியூரில், இன்னொன்று எண்ணூரில், நெட்டுக்குப்பம் போகிற வழியில். திருவொற்றியூர் குடோனில் என் அப்பா கேட் கிளார்க். வாசலில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அப்பா. அவர் தலையை ஆட்டினால்தான் லாரி வெளியே போக முடியும். அவர் கேட்டுத்தான் எனக்கும் இந்த வேலை கிடைத்தது. ஆபீஸ் முழுக்க ஆம்பிளைகள், நான் ஒருத்திதான் பெண். அவசரத்துக்குப் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டுக்கு ஓட வேண்டும். அதைப் பற்றி மேனேஜர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் பொறுப்பில் இருந்தது மாதிரிக் கையெழுத்து ஃபைல். ஆபீஸில் அதை ஸ்பெசிமன் ஃபைல் என்பார்கள். சரக்கின் சொந்தக்காரர்கள் எல்லாம் கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு அதிகாரிதான் "என் சரக்கைக் கொடுத்து அனுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அந்தக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக அந்த அதிகாரியை முன்னால் உட்கார வைத்து மூன்று தாளில் கையெழுத்து வாங்குவேன். கார்பன் வைக்கக் கூடாது. மூன்றும் தனித்தனியாக மசியில் போட்டதாக இருக்க வேண்டும். ஒன்று ராயபுரத்தில் என் ஃபைலுக்கு, ஒன்று எண்ணூருக்கு, ஒன்று திருவொற்றியூருக்கு. லாரியோடு கடிதம் வந்தால் கேட் கிளார்க் ஃபைலைத் திறந்து இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒத்துப்போனால் சரக்கு வெளியே போகும். இல்லையென்றால் எப்பேர்ப்பட்டவன் வந்தாலும் போகாது.

அந்த ஃபைலை நாங்கள் பூட்டி வைத்ததே இல்லை. என்னுடையது ஜன்னல் ஓரம் ஒரு பலகையில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். பார்ப்பதால் என்ன குறைந்துவிடும்? செம்புக் கம்பி இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனிக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். அவருடைய கையெழுத்து ஈர மணலில் நண்டு ஓடின மாதிரி இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் ஆம்பிளைகள் அதைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் போட்டுப் பழகுவார்கள், பந்தயம்கூட வைப்பார்கள். ஒருத்தனுக்கும் வரவில்லை. அதைப் பார்த்து நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பந்தயத்தில் தோற்றவர்களில் ஒருவர் எனக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை. டெலிவரி செக்‌ஷனில் கிளார்க். எங்கள் மாதா கோயில்காரர்தான், பாட்டுக் குழுவில் பாடுகிறவர். அவருடைய அம்மா வீட்டுக்கு வந்து பெண் கேட்டபோது அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. இப்போது சொல்ல வாய் கூசுகிறது, இருந்தாலும் பிடித்திருந்தது. மேனேஜர் போல நடந்து காட்டுவார், சாமியார் போலப் பிரசங்கம் செய்து காட்டுவார். நான் சிரித்துச் சிரித்து டைப் அடிப்பதில் தப்பு விடுவேன்.

செம்புக் கம்பெனி அதிகாரி மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்று, ஆபீஸ் பியூன் காலில் ஆணி குத்தி லீவில் இருந்தான். கேட்டுகளுக்குத் தாளைக் கொண்டுபோவது அவன் வேலை. ஆனால் அவன் இல்லாத நாளில் அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். எண்ணூருக்கு லாரிக்காரர்கூடக் கொண்டுபோயிருக்கிறார். தாளில்தான் ரகசியம் எதுவும் இல்லையே. யார் கொண்டுபோனால் என்ன என்பதுதான் எல்லாருடைய நினைப்பும். ஃபைலில் இருக்கிற கையெழுத்தோடு லாரியில் வருகிற கையெழுத்தை உற்று உற்றுப் பார்ப்போம். அந்த ஃபைலுக்குள் இருப்பது எப்படி உள்ளே வந்தது என்று ஒருத்தரும் பார்க்க மாட்டோம்.

"திருவொத்தியூர் கவர எங்கிட்ட குடு. நான் அந்தப் பக்கம்தான் போறேன். மாமாவப் பாத்த மாதிரியும் ஆவும்" என்றார் மாப்பிள்ளை.

கவரை ஒட்டிக் கொடுத்தேன். சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனார்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவில் சாமியார் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று அம்மா என் கையைப் பிடித்தவள் பூசை முடியும் வரை விடவில்லை. இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. அடுத்த நாள் திங்கட்கிழமை, இடி விழுந்தது.

அன்று காலையில் செம்புக் கம்பெனியின் லாரி திருவொற்றியூர் கேட்டுக்கு வந்தது. அப்பா கடிதத்தை வாங்கி ஃபைலைத் திறந்து பார்த்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. இது போலி, சரக்கைத் தர முடியாது என்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் அந்த அதிகாரியே காரில் வந்து இறங்கினார். நான் போட்ட கையெழுத்தை நான் போடவில்லை என்று சொல்ல நீ யார் என்று கத்தினார். அப்பா ஃபைலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது என் கையெழுத்தே இல்லை என்றார். அப்புறம்தான் குடோனைத் திறந்தார்கள். செம்புக் கம்பிச் சுருளில் பாதி இல்லை. போன வாரமே ஒரு கடிதத்தோடு வந்த லாரியில் ஏறிப் போய்விட்டது. அந்தக் கடிதத்தையும் அப்பா ஃபைலோடு வைத்துப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார். அச்சாக ஒத்துப்போயிருந்தது.

நண்டுக் கையெழுத்தைப் போடப் பழகித் தோற்றவன் அதைவிட லேசான வழியைப் பிடித்துவிட்டான். அதே அதிகாரியின் பேரை வேறொரு கையால் வேறொரு தாளில் எழுதி, நான் அனுப்பிய தாளுக்குப் பதிலாக ஃபைலில் ஒட்ட வைத்துவிட்டால் போதும். அதன் பிறகு அந்தக் கேட்டில் போலிதான் அசல். அசல்தான் போலி.

மூன்று ஃபைலையும் மேனேஜர் மேஜையில் பரப்பினார்கள். ராயபுரத்துத் தாளும் எண்ணூர்த் தாளும் ஒன்று போல இருந்தன. திருவொற்றியூர்த் தாள் மட்டும் வேறு. மேனேஜர் ரொம்ப யோசிக்கவில்லை. ஃபைல் யார் மேஜையில் இருந்ததோ அவர்தான் தாளை மாற்றியிருக்க வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை அப்பாவை சஸ்பெண்ட் செய்தார்கள். வெளியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை விசாரணை அதிகாரியாகக் கூப்பிட்டார்கள். திருட்டு நிரூபணமானால் போலீசில் கொடுப்போம் என்று மேனேஜர் என் காதில் விழும்படியே சொன்னார்.

அப்பாவா? ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். எங்கள் தெரு அதையெல்லாம் பார்க்கவில்லை. புதன்கிழமை காலையில் குழாயடியில், "செம்புக்காரன் வூட்டுப் பொண்ணு வருது, வழி உடு" என்று ஒருத்தி சொன்னாள். நேற்று வரை என் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். குடத்தை அங்கேயே போட்டு உடைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

ஆனால் எனக்குள் ஒரு தைரியம் இருந்தது. தாளை யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்பார்கள். மாப்பிள்ளைதான் கொண்டுவந்தார் என்று அப்பா சொல்வார். மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். வழியில் நடந்தது என்னவென்று அவர் சொல்வார், விஷயம் தெளிந்துவிடும். இவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை முதல் விசாரணை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்டது.

"இந்தத் தாளை உங்களிடம் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்?"

"தபால்ல வந்திருக்கும் சார். நெனப்பில்ல."

என் காதையே நம்ப முடியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த லாரியின் நம்பரைச் சொல்லக்கூடியவர் அப்பா. அவருக்கா நினைப்பில்லை?

அன்று சாயங்காலம் வீட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, இன்னா சொல்லிட்டு வந்த நீ? அவருதான கவர கொண்டாந்து குட்த்தாரு? நான்தான அவரு கைல குட்த்து அனுப்புனேன்?"

"மெதுவா பேசு."

"இன்னாத்துக்கு மெதுவா பேசணும்? நீ உள்ள போயிடுவ நைனா!"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பாமலே பேசினார்.

"அவன் செஞ்சானா, வழியில வேற எவனாச்சும் செஞ்சானா, எனக்குத் தெரியாது. ஆனா அவன் பேரு உள்ள வந்தா கல்யாணம் நின்னுபூடும். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. அப்பால உன்ன எவன் கட்டுவான்? எனக்கு வேலை போனா போவுது. நீ வாயத் தொறக்காத. தொறந்தா நான் பொய் சொன்னேன்னு ஆவும், நான் நாக்கப் புடுங்கிக்கினு சாவணும்."

அம்மா அடுப்பு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரியும் என்பது அந்த முதுகைப் பார்த்தாலே புரிந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் மாப்பிள்ளையை நிறுத்தினேன். நாலு நாளாக என் பக்கமே வராமல் நழுவிக்கொண்டிருந்தார்.

"கவர நீங்க பிரிச்சீங்களா?"

"நான் எதுக்குப் பிரிக்கப் போறேன்? அப்டியே மாமா கைல குட்த்தேன். அப்பால உள்ள இன்னா நடந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அப்போ எங்கப்பா மாத்திட்டாருன்னு சொல்றீங்களா?"

"நான் அப்டி சொல்லுவனா? ஆனா நீயே யோசி. மாமாவுக்கு இன்னும் ஒரு வருசந்தான் சர்வீஸு. போலீசு கீலீசுன்னு சும்மா பயம் காட்டுவாங்க, கடைசில வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. தபால்ல அனுப்பிச்சேன்னு நீ சொல்லிட்டேன்னா நம்ம ரெண்டு பேரும் தப்பிச்சிக்கலாம். கல்யாணம் ஆவப் போற நேரத்துல நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

இதைச் சொல்லிவிட்டு என் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார். அந்த வினாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பு செய்யாதவனைக் கேட்டிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். என்னையா சந்தேகப்படுகிறாய் என்று கத்தியிருப்பான். இவனுக்குக் கோபமே வரவில்லை. கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். கூடவே இருந்து குழி பறித்ததும் இல்லாமல், அந்தக் குழியில் அப்பாவைத் தள்ள என் கையையே கேட்கிறான். அதுவரை எனக்கு அவர். அதற்கப்புறம் அவன்தான்.

வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அழுதேன். காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்த மீன்காரிகள், இன்னாமே ஆச்சு என்று கேட்டார்கள். நான் நிற்கவில்லை. அழுது முடித்தபோது ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. அப்பா பொய் சொல்வது இந்தக் கல்யாணத்துக்காக. கல்யாணம் இல்லையென்றால் பொய்க்கு வேலை இல்லை. மூன்றாவது ஓலை வாசிக்கப்படுவதற்குள் அதை நானே நிறுத்திவிட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் பங்களாவுக்குப் போனேன். என்ன காரணம் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படி ஏறினேன். சாமியார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"தோத்திரம் சாமி. நாளைக்கு எங்க ஓலைய வாசிக்க வேணாம் சாமி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"உக்காரும்மா. அதைத்தான் நிறுத்தியாச்சே. உங்க வீட்ல சொல்லலியா அவங்க?"

"யார் சாமி?"

"மாப்பிள்ளையும் அவங்க அம்மாவும் புதன்கிழமையே வந்தாங்களே. திருட்டுப் பேர் வந்த வீட்ல பொண்ணு எடுக்க மாட்டோம், ஓலைய நிறுத்திடுங்க சாமின்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. பொண்ணு வீட்டுக்கு நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்னு சொன்னாங்க."

புதன்கிழமை. அப்பா அவனைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னது வியாழக்கிழமை. கல்யாணம் ஆகப் போகிற நேரத்தில் நமக்கு எதற்கு வம்பு என்று அவன் என் முந்தானை நூலை எடுத்துப் போட்டது வெள்ளிக்கிழமை. முறித்துப் போட்ட கல்யாணத்தைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறான். அப்பாவின் தலையில் திருட்டைக் கட்டியவனே அந்தத் திருட்டுப் பேரைச் சொல்லி எங்களை உதறியும் விட்டான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? கத்தி இறங்கியதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

சாமியார் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அம்மா, அய்யோ என்று ஒரு தரம் சொன்னதோடு சரி. அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவினார். ஏதாவது சொல்லு நைனா என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். நாளைக்குப் பூசைக்கு எல்லாரும் போகணும் என்று மட்டும் சொன்னார்.

போனோம். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பேரை வாசித்தார். எங்கள் பேர் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாக என்னை நோக்கித் திரும்பின. அவன் வழக்கம் போலப் பாட்டுக் குழுவில் நின்று பாடினான். குரலில் ஒரு பிசிறு இல்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு முழங்காலில் நின்றபோது பட்ட அவமானம் போல வேறு எதிலும் நான் பட்டதில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது விசாரணை. தாளைத் தயார் செய்தவள் என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். டெலிவரி செக்‌ஷன் சார்பாக அவனும் வந்து மேனேஜர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். திருவொற்றியூர் ஃபைல் விசாரணை அதிகாரியின் மேஜை மேல் இருந்தது. தாள் மேல் தாளாக ஒட்டி ஒட்டிப் புடைத்துப்போன ஃபைல். ஒரு கம்பெனியில் அதிகாரி மாறினால் அப்பா பழைய தாளைக் கிழிக்க மாட்டார். அதன் மேலேயே புதுத் தாளை மைதாப் பசையால் ஒட்டிவிடுவார்.

அதிகாரி பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார். தாளை யார் கொண்டுவந்தது?

நான் எழுந்தேன். அப்பா என்னைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார்.

"சார், கொஞ்சம் தண்ணி வேணும்."

குடிக்கத்தான் கேட்கிறார் என்று டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தண்ணீரில் நனைத்து, அந்தப் போலித் தாளின் ஓரத்தில் மட்டும் வைத்து ஒற்றினார். சாட்சியத்தை அழிக்கிறார் சார் என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

"அழிக்கல சார். ஓரம் மட்டும் ஊறட்டும், நடுவுல இருக்கிற கையெழுத்துக்கு ஒண்ணும் ஆவாது. நான் தனியா கேட்டுல உக்காந்திருக்கிறவன். நாளைக்கு, நான் குடுக்கவே இல்லன்னு எவனாச்சும் சொல்லிட்டா நான் எங்க போவேன்? அதனால புதுத் தாள் எவரு கொண்டாந்தாலும், ஒட்டறதுக்கு முன்னாடி அடியில இருக்கிற பழைய தாள்ல அவரு பேரையும் தேதியையும் எழுதச் சொல்லுவேன். பேனாவுல எழுதுனா பசையில கரைஞ்சிடும். அதனால பென்சில்ல எழுத வைப்பேன். அப்பால அதுக்கு மேல ஒட்டிடுவேன்."

இப்படி ஒரு வழக்கம் அவருக்கு இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கோயிலில் பிசிறில்லாமல் பாடின வாய் திறந்தபடி இருந்தது. மாமனாராகப் போகிறவர் பென்சிலை நீட்டி, ஒரு கையெழுத்துப் போடுங்க மாப்ள என்று சொன்னபோது, சிரித்துக்கொண்டே போட்டிருப்பான். மேலே ஒட்டப் போகிற தாளை எவன் பிரித்துப் பார்க்கப் போகிறான் என்று நினைத்திருப்பான்.

பசை இளகியது. அப்பா ஒரு ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, கிழியாமல், மெதுவாகத் தாளை உரித்தார். அடியில் பென்சிலில் அவன் பேர் இருந்தது. தேதியும் இருந்தது. அதற்கு மேல் வேறு தாளை ஒட்டி எடுத்த தடம் இல்லை. அதிகாரி குனிந்து படித்தார். பிறகு நிமிர்ந்து, நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தார். மேனேஜர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். கேள்வியில் அதட்டல் இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"இது அடியில் இருக்கிறது உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமையே காட்டியிருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?"

அப்பா ஈரக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அவன் இருந்த பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

"வியாயக்கெயம அவரு எனக்கு மருமவன் சார்" என்றார்.

அவனுக்கு வேலை போனது, கோர்ட்டுக்கும் போனான், எங்கேயோ வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். செம்பு திருடியதைக்கூட நான் மறந்துவிடுவேன். என் அப்பாவை அந்த அறையில், அத்தனை பேர் முன்னால், அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தான். அதற்காக அவனை நான் இன்று வரை மன்னிக்கவில்லை.